செகண்ட்ஸுக்குப் போன பாட்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பெண்கள் ஒரு பாட்டை ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு உலகத்தில் எந்த மூலையிலும் இருக்காது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, தெரிந்தது பழகி, பழகியது அலுத்தும் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், துளசிமணி முழுசாகக் கேட்காமலேயே ஒரு ஆல்பத்தை ரிஜெக்ட் பண்ணினாள்.

அந்தக் கம்பெனியில் செக்கிங் நடப்பது மாடியில். நீளமான மேஜைகள், மேஜைக்கு மேஜை டியூப்லைட், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றபடி பெண்கள். கீழே தைத்து வருகிற பனியனை எடுப்பார்கள், முன்னால் பார்ப்பார்கள், பின்னால் பார்ப்பார்கள், உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், பிசிர் இருந்தால் வெட்டுவார்கள், கறையோ ஓட்டையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டிவிடுவார்கள். சரி பண்ண முடிந்தால் ஆல்ட்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட், ஒன்றுமில்லாவிட்டால் பாஸ். கண்ணுக்கு வேலை, கைக்கு வேலை, காலுக்கு நின்றே தீர வேண்டிய வேலை. சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதனால் கம்பெனி திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், சோற்று மணி அடித்ததும், அந்த வாரம் வந்த புதுப் படங்களின் ஆல்பங்களை ரெஜினாவின் போனிலிருந்து அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் ஒரு பீஸைத் திருப்பிப் பார்க்கிற மாதிரியே பார்த்து அபிப்பிராயம் சொல்வார்கள்.

"பல்லவி பாஸ். சரணத்துல தையல் விட்டிருக்குது."

"போன வருசம் வந்ததையே உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தெச்சிருக்கான், நமக்கென்ன தெரியாதா?"

"கொரல் நல்ல கொரல்தான். ஆனாச் சாயம் நிக்காது, பாரு."

ரெஜினா திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். எந்தப் பாட்டையும் "பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பாங்க" என்று பாஸ் போடுகிற மனசு. அவளுக்கு நேர் எதிர் துளசிமணி. அந்த மாடியில் துளசிமணி காதுக்குத் தப்பிப் போன தப்பு கிடையாது. வீணைக்குப் பதிலாக மெஷினில் வாசித்திருந்தால் சொல்லிவிடுவாள், பாடுகிறவனுக்குச் சளி பிடித்திருந்தால் சொல்லிவிடுவாள், பின்னால் 'ஆ ஆ' என்று கோரஸ் பாடுகிறவர்களில் ஒருத்தி மட்டும் மனசில்லாமல் பாடினால் அதையும் சொல்லிவிடுவாள்.

அந்தக் கோரஸில்தான் விஷயமே இருந்தது. துளசிமணிக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது நிற்காமல் போய், மிச்சம் இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, லோகேஸ்வரி. லோகு நன்றாகப் பாடுவாள். நன்றாக என்றால், பக்கத்து வீட்டில் சண்டை போடுகிறவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு. அவள் எங்கே தவறினாலும் முதலில் பிடிப்பவள் அக்காதான். ஒருநாள் அவள் மெட்ராஸுக்குப் போய்ச் சினிமாவில் பாடப்போகிறேன் என்று பெட்டியைக் கட்டியபோது, எங்கே இவளும் போய்விட்டால் நாம் ஒண்டிக்கட்டைதானே என்கிற பயத்தில் துளசிமணி, "போறதுன்னா ஒரேயடியாப் போயிரு, இந்த வாசப்படி மிதிக்காதே" என்று வாய்விட்டாள். ரோஷக்காரி, ஒரேயடியாகத்தான் போனாள். போனவள் நம்பர் மாற்றவில்லை, இவளும் மாற்றவில்லை, ஆனால் யார் முதலில் கூப்பிடுவது என்று வருஷம் ஓடிவிட்டது. கோரஸ் பாடுகிறாள் என்று மட்டும் யாரோ வந்து சொன்னார்கள். அன்றிலிருந்துதான் துளசிமணி பாட்டுப் பைத்தியம் ஆனாள். வெளிவருகிற ஒவ்வொரு ஆல்பத்திலும், முன்னால் யார் பாடினாலும் அவளுக்கு அக்கறை இல்லாமல், பின்னால் கேட்கிற 'ஆ ஆ'வில் தன் தங்கச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடித் தேடித்தான் காது அப்படித் தீட்டிக்கொண்டது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அதிசயம் தொடங்கியது ஆடிக்காற்று அடிக்கிற ஒரு வெள்ளிக்கிழமையில். ஒரு காதல் பாட்டு, நல்ல பாட்டு, அதன் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு டிரம்பெட் அலறியது. "அடக் கெரகமே, கல்யாண வீட்டுக்குள்ள லாரி பூந்த மாதிரி" என்று துளசிமணி எழுந்து போய் விளையாட்டாக ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ஆல்ட்டர்" என்றாள். டீக்கு அப்புறம் அதே பாட்டை மறுபடி போட்டபோது டிரம்பெட் இல்லை. அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் அடக்கமாக வந்துவிட்டுப் போனது. ரெஜினாவின் போனில் இல்லை, கீழே டெய்லர்கள் போனில் இல்லை, ரோட்டில் போன மினி பஸ்ஸில் பாடியதிலும் இல்லை. பெண்கள் கையிலிருந்த பீஸை வைத்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"இப்ப நல்லாயிருக்குல்லக்கா?" என்றாள் ரெஜினா.

"நெம்ப நல்லாருக்குது" என்றாள் துளசிமணி. சூப்பர்வைசர் நாச்சிமுத்து வந்து ஷிப்மெண்ட் கிடக்கிறது என்று சத்தம் போட, எல்லோரும் பீஸை எடுத்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டு எப்போதுமே புல்லாங்குழலோடுதான் இருந்தது, இசையமைத்தவருக்கே அப்படித்தான். திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் பழசும் ஞாபகம் இருந்தது, புதுசும் ஞாபகம் இருந்தது, எது வசதியோ அதை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாசத்துக்குள் கம்பெனி வாசலில் வெள்ளிக்கிழமை என்றால் திருவிழாக் கூட்டம். ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தார் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து எதிர் நடிகரின் பாட்டுக்கு ரிஜெக்ட் போடச் சொன்னார்கள். எதிர் நடிகரின் மன்றத்தார் இன்னும் பெரிய தட்டோடு வந்தார்கள். ரெண்டு தட்டுப் பழத்தையும் மாடியில் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, ரெண்டு பாட்டையும் கேட்டு, ரெண்டையும் ரிஜெக்ட் பண்ணினார்கள். மகள் கல்யாணத்துக்குள் ஒரு தாலாட்டைக் கொஞ்சம் வேகமாக்கிக் கொடுங்கள் என்று ஒருத்தர் கெஞ்சினார். டீக்கடைக்காரர், ஒரு பாட்டில் அழுகை ஜாஸ்தியாக இருப்பதால் வடை வியாபாரம் படுத்துவிட்டது என்று மனு கொடுத்தார். நாச்சிமுத்துதான் ஒழுங்கு பண்ணினார்: வெள்ளிக்கிழமை மட்டும், அந்த வாரத்துப் பாட்டு மட்டும், சிபாரிசு கிடையாது, செக்கிங்கில் நிற்கிறவர்கள் சொன்னதே முடிவு.

ரிஜெக்ட் ஆன பாட்டு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ரிஜெக்ட் ஆன பனியன் எங்கே போகுமோ அங்கேதான். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் சாயங்காலம் பார்த்தால் அங்கே இருக்காது. ரிஜெக்ட் பீஸ் கட்டியிருக்கும் அட்டைப்பெட்டிக்குள் ஏதோ ஒரு பனியனில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், பாட்டும் அதற்குள் போய்விடும், பெட்டி காதர்பேட்டைக்கு, பழுதான சரக்கை மலிவாக விற்கிற செகண்ட்ஸ் வியாபாரத்துக்குப் போய்விடும். காதர்பேட்டைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் பனியனைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகு காதிலும் வைத்துப் பார்க்கப் பழகினார்கள். "பாய், இதுல அக்குள்ல ஓட்டை, உள்ள ஒரு டூயட், கொறச்சுக் குடுங்க" என்று பேரம் நடந்தது. மெக்கானிக்குகள் கிரீஸ் துடைக்கிற வேஸ்ட் துணி குத்துப்பாட்டை முனகியது. ஒரு கைக்குழந்தைக்குப் போட்ட பனியனில் சோகப்பாட்டு இருந்து அது பொழுதெல்லாம் அழ, ஆத்தாக்காரி துவைத்து எடுத்தாள். சாயத்தோடு பாட்டும் தண்ணீரில் போய்விட்டது. துவைத்தால் பாட்டு போய்விடும் என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் ஒரு பாட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறது, பாட்டு போனால் அந்த ஆள் என்ன ஆகும் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. துளசிமணியும் கேட்கவில்லை. ஊரே 'துளசியக்கா காது' என்று தூக்கி வைத்துப் பேசப் பேச அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பல்லவி முடியுமுன்பே கை ஸ்டிக்கருக்குப் போகும். கோரஸுக்காகக் காத்திருந்தவள் இவள்தானா என்று சந்தேகம் வரும்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஷிப்மெண்ட் தலைக்கு மேல் நின்றது, நாச்சிமுத்து சோற்று நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார், அந்த வாரம் பார்த்து மூன்று ஆல்பம். ரெண்டைக் கேட்டு முடித்தார்கள். மூன்றாவது, துளசிமணிக்கு ஆகவே ஆகாத இசையமைப்பாளருடையது. அவர் பேரைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பாள். முதல் பாட்டில் பல்லவி வரைக்கும் பொறுத்தாள். ரெண்டாவது பாட்டு தொடங்கும்போதே கையைக் கழுவ எழுந்துவிட்டாள். பனியனில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: நேரம் இல்லாவிட்டால் ஒன்றாக வந்த லாட்டில் சிலதை மட்டும் உருவிப் பார்ப்பார்கள், அதில் தப்பு இருந்தால் மொத்த லாட்டும் திரும்பிப் போகும்.

"ரெண்டு பீஸ் பார்த்தாச்சு. மொத்த லாட்டும் ரிஜெக்ட்" என்றாள்.

"முழுசாக் கேக்கவே இல்லியேக்கா!" என்றாள் ரெஜினா, போனைப் பார்த்தபடி. "இன்னும் மூணு பாட்டு இருக்கு. கடைசிப் பாட்டு யாரோ புதுசாப் பாடியிருக்காங்க."

"இவன் ஆல்பத்துல முத்தா கெடைக்கப்போகுது? நகரு." ஈரக் கையோடு ஸ்டிக்கரை ஒட்டினாள். ரெஜினாவின் போனில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரெஜினா மட்டும் கடைசி வரி மறையும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து துளசிமணி படியிறங்கி வந்தால், வாசலில் லோகேஸ்வரி நிற்கிறாள்.

பூப்போட்ட பழைய சுடிதார், தோளில் சோற்றுப் பை, விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு, கழுத்தில் பஞ்சுத் தூசி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். துளசிமணி வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? எத்தன நேரமா உனக்காகக் காத்துட்டு இருக்கறது? எங்க கம்பெனி எப்பவோ விட்டாச்சு" என்றாள் லோகு.

"நீ… எப்ப வந்தே?"

"எங்கிருந்து வர்றது? பக்கத்துக் கம்பெனில ஓவர்லாக் மெஷின்ல தெச்சுட்டுக் கெடக்கறவளைக் கேக்கற கேள்வியப் பாரு."

வாட்ச்மேன் சிரித்தார். "உங்க தங்கச்சி தெனமும் வந்து நிக்கறதுதானுங்களே அம்மணி." சொல்லிவிட்டு அவரும் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கும் ரெண்டு ஞாபகம் இருந்தது: லோகேஸ்வரி பெட்டியோடு பஸ் ஏறிப் போனதும், லோகேஸ்வரி நேற்று இதே இடத்தில் நின்றதும். அவர் வசதியானதை வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

ரெஜினா பின்னாலேயே ஓடிவந்தாள். லோகுவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, துளசிமணியை ஓரமாக இழுத்தாள். "அக்கா, பாட்டு மறையிறதுக்கு முன்னாடி கடைசியில பேரு பாத்தேன். பாடியவர் லோகேஸ்வரின்னு இருந்துச்சு. உலகத்துல ஒரு லோகேஸ்வரியா, வேற யாராச்சும் இருக்கும்னு விட்டுட்டேன். கோரஸ் இல்லக்கா. தனியா அவளே பாடின பாட்டு. அவளோட முதல் பாட்டு."

துளசிமணி அங்கேயே, ரோட்டோரத்தில், லாரி தூசிக்கு நடுவில் குந்திவிட்டாள். எத்தனை வருஷம் எத்தனை 'ஆ ஆ'வைக் கேட்டிருப்பாள். அவள் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பாட்டு இல்லாமல் போனதும், அந்தப் பாட்டை நோக்கிப் போன வழியும் இல்லாமல் போய், லோகு மெட்ராஸுக்கே போகாத லோகுவாகத் திரும்பி வந்திருந்தாள். பாடின அவளுக்கு மட்டும் பழசு எதுவும் ஞாபகம் இல்லை.

வீட்டில் லோகுவின் துணி கொடியில் காய்ந்தது, லோகுவின் சீப்பில் லோகுவின் முடி இருந்தது. அவள் மூன்று தோசை தின்றாள், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டாள், காலை அக்கா மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒளிப்பானேன், துளசிமணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகிற சந்தோஷம். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டு, எப்போதும் இருந்தவள்தானே என்று திரும்பிப் போனது. ஒன்றுதான் இடித்தது. லோகு பாடவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை. ரேடியோ போட்டால் "அந்தக் கத்தல நிறுத்துக்கா, தல வலிக்குது" என்றாள்.

பாட்டுக்குச் சொன்ன மாதிரி இதற்கும் ஊர் அபிப்பிராயம் சொன்னது. "பாட்டு போனாப் போவுது, ஆள் வந்துருச்சல்ல, விடு" என்றது மாடியில் பாதி. "இது கள்ளத்தனம்" என்றது மீதி. டீக்கடையில் இதே பேச்சு; வாசலுக்கு வந்த ரசிகர் மன்றத்தாரிடம்கூட இதே பேச்சு. நாச்சிமுத்து மட்டும் வேலையில் சொல்வதையே சொன்னார்: "ரீசெக்கிங் பண்ணலாம். ஆனா, ரிஜெக்ட் போட்ட கைதான் ஸ்டிக்கரை எடுக்கோணும். அதும் முழுசாப் பார்த்துட்டுத்தான் எடுக்கோணும். எவனாச்சும் அந்தப் பீஸ வாங்கித் தண்ணில போட்டுட்டான்னா அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ண வேண்டாங்க" என்றாள் துளசிமணி. "எனக்கு என் தங்கச்சி போதும்."

ரெஜினா அவளைப் பார்க்காமல் பிசிர் வெட்டினாள்.

ஒரு வாரம் அப்படியே போனது. சனிக்கிழமை சாயங்காலம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த லோகு திடுதிப்பென்று கேட்டாள்.

"அக்கா, நான் சின்னதுல எதாச்சும் நல்லாப் பண்ணுவனா?"

"ஏன் சாமி?"

"தெரியல. எல்லாரும் எதோ ஒண்ணு நல்லாப் பண்றாங்க. எனக்கு மட்டும் எதோ ஒண்ண எங்கியோ வெச்சுட்டு மறந்துட்ட மாதிரியே இருக்குது. ஓவர்லாக்குல உக்காந்தா இது நான் இல்லீன்னு தோணுது. பைத்தியந்தான் எனக்கு."

"பண்ணுவே" என்றாள் துளசிமணி.

"என்ன பண்ணுவேன்?"

"நல்லா… நல்லாக் கோலம் போடுவே."

லோகு சிரித்தாள். "போக்கா. நான் போட்ட கோலத்த நீயே அழிச்சுட்டு வேற போடுவே." மறுபடி கீரையை உருவினாள். துளசிமணி சமையல்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். கையிலிருக்கிறவளை வைத்துக்கொண்டே அவளைத் திருடிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர்பேட்டைக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன், ரெண்டு நைட்டி எடுக்கோணும் என்று லோகுவும் ஒட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் கம்பெனி ரிஜெக்ட்டை எடுக்கிறவர் ஜக்கரியா பாய். கடை என்று பேர், பனியன் மலைதான். "போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழம லாட்டா? பாதி போயிருச்சேம்மா. ஈரோட்டுக்காரர் ஒருத்தர் மூட்டையா அள்ளிட்டுப் போனாரு. மிச்சம் இந்தா கெடக்குது, தேடிப் பாருங்க."

துளசிமணி மலையில் விழுந்து தேடினாள். எடுக்கிறாள், காதில் வைக்கிறாள், போடுகிறாள். ஒன்றில் ரசிகர் மன்றத்தாரின் பாட்டு ஆர்ப்பாட்டம் போட்டது. ஒன்றில் வெறும் மிருதங்கம். ஒன்றில் ஒன்றுமே இல்லை, ஓட்டை மட்டும். ஈரோட்டு மூட்டையில் போய், யாரோ ஒரு புண்ணியவான் வாளித் தண்ணீரில் போட்டு அலசியிருந்தால்? நினைக்க நினைக்க இன்னும் வேகமாக அள்ளினாள். இந்தப் பக்கம் அவள் தேடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் நைட்டி பார்க்கப் போன லோகு, வழியில் கிடந்த ஒரு மஞ்சள் பனியனைச் சும்மா எடுத்து, ஊர் வழக்கப்படி சும்மா காதில் வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. அப்படியே நின்றாள். துளசிமணி நிமிர்ந்து பார்த்தபோது லோகுவின் முகம் வெளுத்துக் கிடந்தது, கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது.

"அக்கா, இங்க வா. இதக் கேளேன். யாரோ ஒருத்தி பாடறா. ஐயோ, என்னமாப் பாடறா!"

துளசிமணி கையிலிருந்த பனியனைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"இதப் போயி எவ ரிஜெக்ட் போட்டா?" லோகுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது; பாட்டென்றால் தலை வலிக்கிறவள் கடைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "காதில்லாதவளா அவ? மனசு இல்லாதவளா? இந்தப் பொண்ணு எத்தன நாளுக் காத்திருந்து இந்தப் பாட்டப் பாடியிருப்பாளோ! ஏனுங் பாய், எந்தப் பாவிங்க இதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினது?"

ஜக்கரியா பாய் வேறு பக்கம் திரும்பி ஒரு மூட்டையைக் கட்டினார்.

"நாந்தான் ஒட்டினேன், லோகு" என்றாள் துளசிமணி.

லோகு அவளையே பார்த்தாள். "முழுசாக் கேட்டயா?"

"இல்ல."

"அப்பக் கேளு." பனியனை அக்காவின் காதில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ரிஜெக்ட் போட்டவள் கேட்டால் ஆல்பம் ஆரம்பத்திலிருந்துதான் வரும். பிடிக்காத முதல் பாட்டைக் கேட்டாள், இப்போதும் பிடிக்கவில்லை. ரெண்டாவதில் அப்போது எழுந்து போன இடத்துக்கு அப்புறம் நல்ல ஒரு நடை இருந்தது, சே என்று இருந்தது. மூணு, நாலு. வெயில் ஏறியது, ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள், லோகு கையை எடுக்கவில்லை. கடைசிப் பாட்டில் வாத்தியம் எதுவும் வருவதற்கு முன்னால் அந்தக் குரல் தனியாக வந்தது. பக்கத்து வீட்டுச் சண்டையை நிறுத்தின அதே குரல்தான், ஆனால் எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்று நின்று, முன்னால் வந்தபோது கொஞ்சமும் அவசரப்படாமல் வந்த குரல். ரெண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. வேறு யாராவது பாடியிருந்தால் துளசிமணி அந்த இடத்தில் அம்பு ஒட்டியிருப்பாள்.

பாட்டு முடிந்தது.

"எப்படி?" என்றாள் லோகு.

"நல்லாருக்குது சாமி."

"அவளுக்கென்ன, குடுத்து வெச்சவ" என்றாள் லோகு. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த ஏக்கத்தைத் துளசிமணியால் பார்க்க முடியவில்லை.

"லோகு, சித்த நேரம் என் கையப் புடிச்சுக்கோ."

"ஏங்க்கா, மயக்கம் வருதா?"

"புடிச்சுக்கோ."

லோகு பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு சொரசொரவென்று இருந்தது. துளசிமணி இன்னொரு கை நகத்தால் பனியனில் இருந்த சிவப்பு அம்பின் ஓரத்தைக் கிளப்பினாள். பாதி வந்ததும் நிறுத்தினாள். விட்டுவிடலாம், வீட்டுக்குப் போய் நைட்டியைத் துவைத்துப் போடலாம், பாதி ஊர் பாஸ் போட்ட வாழ்க்கைதான். தங்கச்சியின் முகத்தை ஒருதரம் முழுசாகப் பார்த்துவிட்டு, உரித்துவிட்டாள்.

கையில் கை இல்லை. விரல்கள் மட்டும் எதையோ பிடித்த மாதிரி மடங்கியே இருந்தன. லோகு எடுத்து வைத்திருந்த நைட்டி தரையில் கிடந்தது. மஞ்சள் பனியன் ஊமையாகிவிட்டது. அதே நேரத்தில் எதிர் டீக்கடையில், நின்றிருந்த ஆட்டோவில், யாரோ ஒருத்தர் சட்டைப்பையில் இருந்த போனில், காதர்பேட்டை நெடுக அந்தப் பாட்டு பாட ஆரம்பித்தது. டீக்கடையில் ஒருத்தன், "பரவால்ல, சுமார்" என்றான். அவன் பக்கத்தில் நின்றவன், "யோவ், முழுசாக் கேளுய்யா" என்றான். துளசிமணிக்கு அவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. அந்த இடத்திலேயே பனியன் குவியலின் மேல் உட்கார்ந்தாள். ஜக்கரியா பாய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்து அவள் போனை எடுத்து, இத்தனை வருஷம் அமுக்காத நம்பரை அமுக்கினாள். மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

அதே குரல். 'நான்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. போ என்று சொன்னவள் எந்த முகத்தோடு நான்தான் என்பது?

"திருப்பூர்ல இருந்துங்க. உங்க புதுப்பாட்டுக் கேட்டனுங்க. ஒரு ரசிகைங்க. முழுசாக் கேட்டனுங்க."

கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை.

"ரெண்டாஞ்சரணத்துல மூச்சு வாங்கிட்டேன்" என்றது குரல். "மறுபடி பாடறேன்னு சொன்னேன், விடமாட்டேன்னுட்டாங்க. வெளிய வந்ததுல இருந்து எனக்கு அதே நெனப்பு. யாரு காதுல விழாட்டியும் உன் காதுல விழுந்திரும்னு."

துளசிமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"விழுந்துச்சு" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும். அதுல யாரும் கை வெக்க வேண்டா."